நுனி கட்டாத மாலை

அன்றைக்கு ஞானேந்திரனுக்கு யாரோடும் கதைக்க விருப்பம் இருக்கவில்லை. பார்த்தால் அன்றைக்குத்தான் அவர் இரண்டு பேருக்காகக் கதைக்க வேண்டி வந்தது.

முதல் நாள் மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் ஒரு கலியாணம். மண்டபச் சோடனை அவருடைய தொழில். மணவறை, கதிரை உறைகள், வெல்வெட் திரை, எந்தக் குளிருக்கும் வாடாத பிளாஸ்டிக் வாழைகள் எல்லாவற்றையும் கழற்றி, வான் வண்டியில் ஏற்றி, புவாண்ட்-கிளேரில் எடுத்திருந்த களஞ்சிய அறையில் இறக்கிவிட்டு வந்து படுத்த மனிதரை, ஞாயிறு பூசைக்கென்று மனைவி இமெல்டா எழுப்பினார். பூசையில் பாதியை அவர் முழங்காலில் நின்றபடி நித்திரை கொண்டார். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். பூசை முடிய நேரே கோட்-டெ-நெய்ஜ், மகள் வீடு. சம்மந்தி வந்திருந்தார். ஹவாயிலிருந்து.

சம்மந்தியின் பெயர் மாலியா. ஹீலோ அவருடைய ஊர். அவருடைய மகன் கலானி பனி பார்க்க மொன்றியலுக்கு வந்தவன், மகள் ஷெரோனைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான் என்பது ஞானேந்திரன் வழக்கமாகச் சொல்லும் வரலாறு. இப்போது மகள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறான். நல்ல பிள்ளை. ஞானேந்திரனை 'மாமா' என்று கூப்பிடப் பழகியிருந்தான். தமிழில் அவனுடைய மற்றச் சொல் 'காணும்', அதாவது போதும். இமெல்டா சோறு போடும்போது அது தேவைப்பட்டது.

மாலியாவுக்கு ஆங்கிலம். இமெல்டாவுக்குத் தமிழும், கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் சமைத்துப் பழகிய பிரெஞ்சும். நடுவில் பாலம் ஞானேந்திரன். இந்த நகரத்துப் பாலங்களைப் போல அதுவும் எந்த நேரமும் திருத்தவேலையில் இருந்தது.

மொழிபெயர்ப்பில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. தகப்பனுடைய புடவைக்கடையில் துணிக்கட்டுகளுக்கு இடையில் வளர்ந்தவர் அவர். சிங்களமும் தமிழும் கலந்து பேரம் நடக்கிற அந்தக் கடையில், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் அப்படியே சொல்லுகிறவனுக்கு வேலை இல்லை. முதலாளி "வாங்க வக்கில்லாட்டிப் போகச் சொல்லு" என்றால், "உங்களுக்கெண்டு கொஞ்சம் பாக்கலாமாம்" என்று போய்ச் சொல்ல வேண்டும். சம்மந்திகளுக்கும் அவர் அதே சேவையைத்தான் செய்துவந்தார்.

ஷெரோனுக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. இந்த முறை ஆறு மாதம் தாண்டியிருந்தது. தாண்டியதும் அவள் ஒரு சட்டம் போட்டாள். வளையல் இல்லை, பலகாரம் இல்லை, தொட்டில் வாங்குவதில்லை, பெயர் தேடுவதில்லை.

"பிள்ளை கையில வந்தாப் பிறகு என்னவெண்டாலும் செய்யுங்கோ. அதுவரைக்கும் ஒண்டும் வேண்டாம். விளங்குதோ அம்மா?"

இமெல்டாவுக்கு விளங்கியது. வாங்கிய குட்டிச் சட்டைகளை வானில் திரைத்துணிக்கு அடியில் ஒளித்துவைக்கும் அளவுக்கு விளங்கியது.

ஆகவே, ஹவாய்க்காரி ஒரு குளிர்ப்பெட்டியிலிருந்து ஈரத்தாள் சுற்றிய மாலை ஒன்றை எடுத்தபோது இமெல்டாவின் முகம் கறுத்தது.

"இதென்னப்பா, எனக்கொரு சட்டம், அவவுக்கொரு சட்டமோ?"

"என்ன சொல்கிறா?" என்றார் மாலியா.

"நல்ல வாசமாம்," என்றார் ஞானேந்திரன்.

சோபாவில் கால்நீட்டிப் படுத்திருந்த ஷெரோன் கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "அம்மா, இது கொண்டாட்டம் இல்லை. அவையின்ர ஊரில ஆளைக் கண்டா மாலை போடுவினம். நாங்கள் தேத்தண்ணி குடுக்கிற மாதிரி. பேசாம இருங்கோ."

வாசம் உண்மையாகவே அறை முழுக்க ஏறியிருந்தது. இமெல்டா கிட்டப் போய்ப் பார்த்தார். வெள்ளை மொட்டுகள், இறுக்கமாக, வரிவரியாக. "இது எங்கட மல்லிகையெல்லோ."

"பீக்காக்கே," என்றார் மாலியா. தன் வீட்டு முற்றத்துச் செடி, புறப்பட்ட அன்று விடியப் பறித்துத் தன் கையால் கோர்த்தது, விமானநிலையத்தில் அதிகாரிகள் பெட்டியைத் திறந்து மூக்கை விட்டுவிட்டு மனமில்லாமல் மூடினார்கள் என்றெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு மாலைக்குள் முகத்தைப் புதைத்து ஆழமாக மூச்சு இழுத்தார்.

இமெல்டா திடுக்கிட்டார். "மோந்து போட்டெல்லோ போடப்போறா."

"இந்தப் பூ உங்கள் ஊரிலும் இருக்கிறதே என்று சந்தோசப்படுகிறா," என்றார் ஞானேந்திரன் மாலியாவிடம். அவருடைய தோள்மூட்டு வலித்தது. ஒரு கதிரையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

மாலை போடுவதற்கு நல்ல உடுப்பு உடுக்க வேண்டும் என்று மாலியா அறைக்குள் போனார். மாலை மேசையில் கிடந்தது. இமெல்டா அதன் மேல் குனிந்தார். மன்னாரில் கலியாண மாலை, பெருநாள் மாலை, மாதா சொரூபத்துக்கு மாலை என்று கட்டிக் கட்டி விரல் தழும்பு பிடித்த பெண். அந்தக் கண்ணுக்கு ஒரு மாலை மறைத்துவைக்கக் கூடியது ஒன்றும் இல்லை.

"கட்டேல்லை. ஊசியால கோத்திருக்கிறா," என்றார். ஒவ்வொரு மொட்டும் நடுவால் துளைத்து ஏறியிருந்தது. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பிறகு இரண்டு நுனிகளையும் தூக்கிப் பார்த்தார். அவை சேரவில்லை. நூல் சும்மா தொங்கியது. "இஞ்ச பாருங்கோ, நுனி கட்டேல்லை. பாவம் மனிசி. பிளேனுக்கு அவதிப்பட்டு வெளிக்கிட்டிருக்கும்."

அந்தப் 'பாவ'த்தில் இரக்கம் நிறைய இருந்தது. ஒரு தேக்கரண்டி வெற்றியும் இருந்தது.

கைப்பையில் நூல் இல்லாமல் இமெல்டா வெளிக்கிடுவதில்லை. நூலை எடுத்தார். இரண்டு நுனிகளையும் சேர்த்து, எந்த மாப்பிள்ளை எப்படித் துள்ளினாலும் அவிழாத தன்னுடைய முடிச்சைப் போட்டார். முடிச்சு தெரியாமல் இருக்கப் பொன்னிறக் குஞ்சம் ஒன்றையும் வைத்துக் கட்டினார். முந்தின நாள் கலியாணத்தில் மிஞ்சியது. ஞானேந்திரன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கேட்டுவிட்டுச் செய்யலாமே என்று ஒரு யோசனை வந்தது. கேட்பதென்றால் அவர்தான் எழும்பிப் போய்க் கேட்க வேண்டும். யோசனை போய்விட்டது.

மாலியா நிலம் தொடும் பூப்போட்ட கவுனில் வந்தார். மேசையைப் பார்க்கவில்லை, மருமகளைத்தான் பார்த்தார். மாலையை எடுத்துத் தன் மொழியில் ஏதோ மெல்லச் சொல்லி, ஷெரோனின் தலைக்கு மேலால் போட்டு, கன்னத்தில் முத்தமிட்டு, இரண்டு நுனிகளும் முன்னுக்குத் தொங்கட்டும் என்று தோளில் இழுத்துவிட்டார். இழுத்த கை பாதியில் நின்றது. குஞ்சம் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"இதை யார் கட்டியது?"

"ஆர் கட்டினதெண்டு கேக்கிறா," என்றார் ஞானேந்திரன்.

இமெல்டா நாணத்தோடு சிரித்தார். "நான்தான். அதுக்கென்ன, பறவாயில்லை எண்டு சொல்லுங்கோ."

"கத்தரிக்கோல் இருக்கிறதா?" என்றார் மாலியா. குரல் வேறாக இருந்தது.

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை, விரலால் வெட்டிக் காட்டினார். நூல் நுனியைச் சீராக்கப் போகிறார் என்று நினைத்து, இமெல்டா கைப்பையிலிருந்து தன் கத்தரிக்கோலையே எடுத்து நீட்டினார். மாலியா அதை வாங்கினார். வளையத்தை இன்னொரு தடவை அந்தத் தலைக்கு மேலால் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லைப்போலும். கழுத்திலேயே வைத்து வெட்டினார்.

நாலைந்து மொட்டுகள் ஷெரோனின் மடியில் உருண்டன.

இமெல்டா கத்தவில்லை. ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டார். "மாதாவே. வயித்தில பிள்ளையோட இருக்கிறவளின்ர கழுத்தில மாலையை அறுக்கிறாளே. இவளுக்கு என்ன செய்தனாங்கள்?"

மாலியா ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தார். "வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்கு வளையமாக மாலை போடக்கூடாது. தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிவிடும். அதற்காகத்தான் நுனியைத் திறந்து விட்டேன். தெரிந்தே விட்டேன். இவருக்குச் சொல்லுங்கள்."

ஞானேந்திரன் வாயைத் திறந்தார். இதில் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று தெரியவில்லை. முழு விலையையும் சொன்னார். இரண்டு பக்கமும்.

மொழிபெயர்ப்பு இல்லாமலே இரண்டையும் கேட்டவள் ஷெரோன் ஒருத்திதான். எழும்பி உட்கார்ந்து வயிற்றில் கையை வைத்தாள். கனநேரம் வைத்திருந்தாள்.

"அப்பா," என்றாள். "விடியத் தொடக்கம் இது துடிக்கேல்லை. நித்திரையாக்கும் எண்டு பேசாம இருந்தனான்."

ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். ஆனால் தெருவெல்லாம் மார்ச் மாதத்து ஐஸ். வானிலேயே போனார்கள். முன் சீற்றில் ஷெரோன். பின் சீற்றில் இரண்டு அம்மாமார், நடுவில் இறக்க மறந்த பிளாஸ்டிக் வாழைக்குலை. மாலியா வெட்டிய மாலையை மடியில் வைத்திருந்தார். அதை வீட்டில் விட்டுவிட்டு வர அவர் சம்மதிக்கவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது, ஷெரோன் தன் விரல்களை வயிற்றில் மெல்லத் தட்டுவதை ஞானேந்திரன் கண்டார், பூட்டிய கதவைத் தட்டுவது போல.

கலானி தான் வேலை செய்யும் மாடியிலிருந்து ஓடி வந்தான். கூட ஒருவர்தான் போகலாம் என்றார்கள். அவன் அவளோடு உள்ளே போனான். கதவு மூடியது.

நடையில் பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாகத் திருகாணி போட்டுப் பொருத்தியிருந்தன. ஞானேந்திரன் ஆயுள் முழுக்கக் கதிரைக்கு உறை போட்டவர். இவ்வளவு அவலட்சணமான கதிரைகளை அவர் கண்டதில்லை. நடுக்கதிரையில் உட்கார்ந்தார். இடப்பக்கம் மனைவி, வலப்பக்கம் சம்மந்தி. முன் சுவரில் தாய்ப்பால் பற்றிப் பிரெஞ்சில் ஒரு சுவரொட்டி. அதிலிருந்த தாய் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கடந்த இரண்டு முறையும் அவர் இப்படி ஒரு நடையில் இருந்திருக்கிறார். இரண்டு முறையும் வெளியே வந்த வைத்தியர் மெதுவாக நடந்து வந்தார். இனி மெதுவாக நடந்து வருகிற வைத்தியரைப் பார்க்கத் தனக்குப் பலம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. மணவறை தூக்கின தோளுக்கு இது தூக்க முடியாத பாரம்.

நெடுநேரத்துக்குப் பிறகு இமெல்டா முன்னுக்குப் பார்த்தபடியே சொன்னார். "பிள்ளைக்கு ஏதும் நடந்துதோ, நான் இவவை இந்தச் சென்மத்தில மன்னியன்."

மாலியா திரும்பினார். "என்ன சொல்கிறா?"

ஞானேந்திரன் கொஞ்சம் யோசித்தார். "பயமாக இருக்கிறதாம்."

மாலியா மடியிலிருந்த மாலையைப் பார்த்தார். "அந்தக் கொடி பிள்ளையைச் சுற்றியிருந்தால், அது அவர் போட்ட முடிச்சு. அதை நான் மறக்கப்போவதில்லை. என் சாவு வரைக்கும்."

"அவ என்னவாம்?" என்றார் இமெல்டா.

"பயமாக்கிடக்காம்."

இமெல்டா எட்டிச் சம்மந்தியைப் பார்த்தார். சம்மந்தியும் அதே நேரம் எட்டிப் பார்த்தார். நடுவிலிருந்தவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். தான் சொன்னது பொய் என்று அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை நாள் செய்த மொழிபெயர்ப்புகளில் இதுதான் கிட்டத்தட்டச் சரியானது.

பிறகு இமெல்டா கைப்பையைத் திறந்து, பூசைக்குப் பிறகு பொட்டலம் கட்டிக் கொடுத்த கடலை வடையில் ஒன்றை எடுத்து, அவருடைய நெஞ்சுக்கு முன்னால் நீட்டினார். அது அவருக்கில்லை. அவரைத் தாண்டிப் போனது. மாலியா அதை வாங்கி, கடித்து, காரத்தில் கண் கலங்கினார். அல்லது வேறு எதற்காகவோ.

கதவு திறந்தது. கலானி வேகமாக வந்தான். வேகத்தைக் கண்டதுமே ஞானேந்திரனுக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

"நித்திரை, மாமா. நல்ல நித்திரை. இதயம் குதிரை மாதிரி ஓடுகிறது. தோடம்பழச் சாறு கொடுத்தார்கள், எழும்பி உதைத்துவிட்டது."

இமெல்டா சிலுவை அடையாளம் போட்டார். "நான் அந்தோனியாருக்கு நேந்தனான். அவர் கைவிடமாட்டார்."

மாலியா பெருமூச்சு விட்டார். "நேரத்தோடு வெட்டினேன். நல்லகாலம்."

இந்த இரண்டையும் ஞானேந்திரன் யாருக்கும் சொல்லவில்லை. சில சாமான்களை அலுமாரியை விட்டு இறக்காமல் வைத்திருப்பதுதான் வியாபாரம்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் உள்ளே விட்டார்கள். வயிற்றில் பட்டி கட்டிப் படுத்திருந்தாள் ஷெரோன். பக்கத்து இயந்திரம் அந்தக் குதிரையோட்டத்தை அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் அதைக் கேட்டபடி கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஷெரோன் ஒருவரை மாறி ஒருவரைப் பார்த்தாள். தமிழில் சொன்னாள், பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். தகப்பனுக்கு வேலை வைக்கவில்லை.

"நீங்கள் ரெண்டு பேரும் எனக்கு வேணும். ஆனா உங்கட பயம் எனக்கு வேண்டாம். என்ர பயமே எனக்குக் காணும். இனி வெட்டுறதெண்டாலும் கட்டுறதெண்டாலும் என்னைக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ. இப்ப வீட்டை போங்கோ."

கலானி தரையைப் பார்த்துக்கொண்டு மிகச் சரியான இடத்தில் தமிழில் "காணும்" என்றான்.

வெளிக்கிடும்போது தாதி ஒருத்தி மாலையைக் கண்டுவிட்டாள். இந்தப் பகுதிக்குள் பூக்கள் கூடாது, மதாம், என்று பிரெஞ்சில் சொல்லி, காலால் மிதித்துத் திறக்கும் குப்பைவாளியைக் காட்டினாள். இமெல்டாவும் மாலியாவும் ஒரே நேரத்தில் கையை நீட்டி மாலையை மறித்தார்கள். ஒருவர் தமிழில் வேண்டாம் என்றார், மற்றவர் ஆங்கிலத்தில். தாதி பின்வாங்கினாள்.

வானில் ஏறியதும் மாலியா சொன்னார், மாலையைக் குப்பையில் போடுவது தந்தவரின் அன்பைக் குப்பையில் போடுவது, மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மரத்தில் தொங்கவிட வேண்டும் என்று. ஞானேந்திரன் ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னார்.

"அதைத்தானே நானும் சொல்லுறன்," என்றார் இமெல்டா. "பூவை ஆள் மிதிக்கிற இடத்தில போடலாமோ? கிணத்தடியில போடுவினம். இஞ்ச கிணத்துக்கு எங்க போறது?"

மண் இரும்பாய் இறுகிக் கிடந்தது. ஆற்றங்கரை ஐஸ். ஞானேந்திரன் புரோசார்டில் இருக்கும் தன் கட்டிலை நினைத்தார். பிறகு வானை நகர் நடுவிலுள்ள மலைப்பக்கம் திருப்பினார். வாகனம் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, நடைபாதையிலிருந்து தள்ளி, இலையில்லாத ஒரு மேப்பிள் மரம். முழங்கால் வரை பனி. பூப்போட்ட கவுனுக்கு மேல் மகனின் பெரிய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஹவாய்க்காரி முன்னுக்குப் போக, பூசைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மன்னார்க்காரி பின்னுக்குப் போக, வானின் ஹீற்றரை விட்டுப் பிரிந்து ஞானேந்திரனும் போனார்.

"நூலை விடக்கூடாது. குருவியின் காலில் சிக்கும்," என்றார் மாலியா. மாலையின் ஒரு நுனியிலிருந்து மொட்டுகளை உருவத் தொடங்கினார். ஊசியால் கோர்த்தது, சுகமாக வந்தது. மற்ற நுனியில் இமெல்டாவின் முடிச்சும் குஞ்சமும் அப்படியே இருந்தன. வெட்டு அதற்குப் பக்கத்தில்தான் விழுந்திருந்தது. மாலியா இழுத்தார், அது அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்தார்.

"விடுங்கோ, விடுங்கோ. அது என்ர முடிச்சு," என்று இமெல்டா கையுறையைக் கழற்றினார். குளிரில் விரல் வேலை செய்யவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார். குஞ்சத்தைத் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார், அது இன்னொரு கலியாணத்துக்கு உதவும். பூக்களை இருவரும் அடிமரத்தைச் சுற்றித் தூவினார்கள். பனியில் மல்லிகை தெரியவில்லை. பழுக்கத் தொடங்கிய ஓரங்கள் மட்டும் தெரிந்தன.

திரும்பி நடக்கும்போது இமெல்டா கணவனின் கையைப் பிடித்தார், வழுக்காமல் இருக்க.

"அவவிட்ட ஒண்டு கேளுங்கோ. பிள்ளை பிறந்தாப் பிறகு முடிச்சுப் போடலாமோ எண்டு."

கேட்டார். மாலியா நின்று திரும்பினார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "பிறந்த பிறகு எவ்வளவும் போடலாம். அதோடு பிள்ளைக்கு ஒரு வயது வரும்போது எங்கள் ஊரில் பெரிய விருந்து வைப்போம். நிலத்தில் குழி வெட்டி முழுப் பன்றி சுடுவோம். தெரிந்த எல்லோரும் வருவார்கள். நானே வந்து மாலை கோர்ப்பேன்."

ஞானேந்திரன் சொன்னார். இமெல்டாவின் கண்கள் விரிந்தன. "நாங்களும் முதலாம் பிறந்தநாளைப் பெரிசாத்தானே செய்யிறனாங்கள். மண்டபம் எடுக்கவேணும். சோடனைக்கு இவர் இருக்கிறார்." பிறகு குரலைத் தணித்தார். "ஷெரோனுக்கு இப்ப ஒண்டும் சொல்லவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"ஷெரோனிடம் சொல்லாதீர்கள்," என்று அதே நேரம் மாலியா ஆங்கிலத்தில் சொன்னார்.

வானுக்குள் ஏறியபோது ஞானேந்திரனின் தொலைபேசி துடித்தது. கலானி. திரும்பவும் உதைக்கிறதாம். அதைச் சத்தமாக வாசித்தார். இரண்டு மொழியிலும் வாசித்தார். பின்னால் நடுவில் இருந்த வாழைக்குலை யாரோ அசைந்ததில் கீழே விழுந்தது. மாலியா அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"விருந்துக்கு இதெல்லாம் வேண்டாம்," என்றார். "எல்லாம் உண்மையான பூ, உண்மையான இலை. பிளாஸ்டிக் ஒன்றும் வரக்கூடாது."

"என்னவாம்?" என்றார் இமெல்டா.

புவாண்ட்-கிளேரில் கூரை முட்ட அடுக்கியிருந்த பிளாஸ்டிக் வாழைத்தோப்பு முழுவதும் ஞானேந்திரனின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தோளைத் தேய்த்துக்கொண்டார். வானை ஸ்டார்ட் பண்ணினார்.

"வாழை நல்ல வடிவாம்," என்றார்.